இருபத்திநான்கு நிமிடம்

ஜனவரி 7, 2025, செவ்வாய்

இன்றும் அப்படியேதான். ஒன்பது மணிக்கு இட்லி முடித்து, வாய் துடைத்து, அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். போட்டோ எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் ப்ரோகிராமைத் திறந்தேன். நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது. படங்கள் வந்தபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. அதற்குள் அவர் தலை தொங்கிவிட்டது. ‘இது யாருங்க?’ என்று மகள் மோனிகாவின் கல்யாணப் படத்தைக் காட்டினேன். இடது கையால் மேஜையைத் தள்ளிவிட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் சரிதா சொல்லியிருக்கிறாள்: காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம்தான் அவர் மூளை தெளிவாக இருக்கும், அந்த நேரத்தில் அவர் எடுத்த படங்களையே காட்டிப் பேர் சொல்ல வையுங்கள், பக்கவாதம் வந்து முதல் ஆறு மாதம் போனால் பேச்சு திரும்பி வராது என்று. அக்டோபரில் வந்தது. மூன்று மாதம் ஓடிவிட்டது. இந்த நோட்டும் அவள் கேட்டதுதான். அவர் சொன்ன வார்த்தைகளை எழுத.

இன்றைய வார்த்தை: இல்லை.

ஜனவரி 8, புதன்

வார்த்தை இல்லை. திறக்க இருபத்திநான்கு நிமிடம்.

ஜனவரி 10, வெள்ளி

மோனிகா ஓசூரிலிருந்து போனில், ‘செல்லுல காட்டுங்கம்மா, எதுக்கு அந்த டப்பாவோட மல்லுக்கட்றீங்க?’ என்றாள். செல்லில் காட்டிப் பார்க்காமலா? அவருக்கு வலது பக்கப் பார்வை மங்கல். சின்னத் திரையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதுவும் போக, நாற்பத்தெட்டாயிரம் படம். ஒவ்வொன்றிலும் யார், எங்கே, எந்த வருடம் என்று அவரே உட்கார்ந்து பேர் போட்டது அந்த ப்ரோகிராமுக்குள்தான் இருக்கிறது. முன்கூட்டியே திறந்து வைத்தாலும் வேறு பேரைச் சொடுக்கியதும் மறுபடி உறைந்துபோகிறது. அருவங்காட்டில் கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டினால் போதும், எல்லாம் முதலிலிருந்து.

குன்னூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெனிஸைக் கூட்டி வந்தேன். ஐந்து நிமிடம் பார்த்தான்.

‘அக்கா, மெஷினுக்கு வயசாயிடுச்சு. பதினோரு வருசம்னா மனுசனுக்குத் தொண்ணூறு மாதிரி. புதுசா போட்டுக்குங்க. இல்லன்னா பார்மட் பண்ணித் தர்றேன்.’

‘பார்மட் பண்ணுனா அவரு போட்ட பேரெல்லாம் இருக்குமா?’

‘படம் இருக்குங்க்கா. பேருக்கு கேரண்டி இல்ல.’

போகச் சொல்லிவிட்டேன். காபிகூடக் கொடுக்கவில்லை. அது தப்புதான்.

ஜனவரி 12, ஞாயிறு

அன்னூரிலிருந்து கொழுந்தனார் செல்லதுரை வந்திருந்தார். அண்ணனைப் பார்த்துக் கண் கலங்கினார். நல்ல மனிதர், இல்லை என்று சொல்ல மாட்டேன். சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார்.

‘அண்ணி, இந்தக் குளுர்ல அண்ணன வெச்சுக்கிட்டு நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்க? தை முடியங்காட்டி நம்மூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். ஆள் அம்பு இருக்குது. இந்த ஊட்ட வாடகைக்கு உட்றலாம்.’

‘பயிற்சி?’

‘அண்ணனைப் போட்டு வதைக்காதீங்க அண்ணி. போனது போனதுதான்.’

அவர் பக்கத்து அறையில் இருந்தார். காது கேட்காது என்றா நினைத்தார்? பேச்சுத்தான் வரவில்லை, அறிவு முழுசாக இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தாடை இறுகியிருந்தது.

போனது போனதா? யார் சொன்னது?

லீவில் ஊருக்குப் போயிருக்கும் சரிதா முப்பதாம் தேதிதான் மறுபடி வந்து பரிசோதிப்பாள். முன்னேற்றம் இல்லையென்றால் வாரம் ஒரு நாள் வருவதை மாதம் ஒரு நாள் ஆக்கிவிடுவதாகப் போன தடவையே சொன்னாள். செல்லதுரையிடம் சொன்னேன், முப்பது வரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதீங்க தம்பி என்று. பதினெட்டு நாள்.

ஜனவரி 13, திங்கள்

இன்று முடிவு பண்ணிவிட்டேன். நானே பார்க்கிறேன்.

இந்த வீட்டில் கம்ப்யூட்டர் அவர் சொத்து. பாக்டரியில் எலக்ட்ரீசியன், வீட்டுக்கு வந்தால் அந்த நாற்காலி. தூசி தட்டப் போனால்கூட ‘தொடாதே’ என்பார். நானும் தொட்டதில்லை. எனக்கு என் ஸ்வெட்டர் பின்னும் மெஷின் இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஊட்டி பள்ளிக்கூடங்களுக்குப் பின்னிக் கொடுத்திருக்கிறேன். அது நின்றால் நான் யாரையும் கூப்பிட்டதில்லை. நூலை மாற்று, ஓட்டிப் பார். ஊசியை மாற்று, ஓட்டிப் பார். ஒரு தடவைக்கு ஒன்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரியாக்கியது என்று தெரியாது. கம்ப்யூட்டர் மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தது?

இனி இந்த நோட்டில் இரண்டு கணக்கு. அவர் வார்த்தை, அது திறக்கும் நேரம். செல்லில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டேன்.

காலை: 24 நிமிடம் 20 நொடி. மத்தியானம்: 24 நிமிடம் 20 நொடி.

வார்த்தை இல்லை. ஆனால் நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது கையை நீட்டி டிவியைக் காட்டினார். டிவி போட்டேன். கோபம் வந்து கையால் காற்றை அடித்தார். அணைத்தேன். அதற்கும் கோபம்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாகவே கிளம்பும் ப்ரோகிராம்கள் பதினாறு இருந்தன. யூடியூபில் ஒரு பெண் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். வேண்டாததை நிறுத்தினேன். கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகத்தான் எழுந்தது.

போட்டோ ப்ரோகிராம்: 24:20.

பொங்கல் நன்றாக வந்தது. இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

ஜனவரி 16, வியாழன்

டிஸ்கில் இடம் இல்லாமல் இருக்கலாம் என்று குப்பைகளைத் துடைத்தேன். ஐம்பது ஜிபி காலியானது. 24:20.

மறுபடி டிவியைக் காட்டினார். ‘என்ன வேணுங்க, நியூஸா? பாட்டா?’ கண்ணை மூடிக்கொண்டார். நான் என்னமோ முட்டாள் என்பது மாதிரி. இருக்கட்டும்.

ஜனவரி 18, சனி

வைரஸ் பார்க்கும் ப்ரோகிராம் ஒவ்வொரு படத்தையும் சோதிப்பதால் இருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். போட்டோ போல்டரைச் சோதிக்காதே என்று அதற்குச் சொன்னேன்.

24:20.

வர்ற ஆத்திரத்துக்கு அந்த டப்பாவத் தூக்கி டீத் தோட்டத்துல எறிஞ்சிருப்பேன். செய்யவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். மெஷின் கிழடு என்றால் ஒரு நாள் இருபது நிமிடம் ஆகும், ஒரு நாள் முப்பது ஆகும். சூடானால் ஒரு மாதிரி, குளிர்ந்தால் ஒரு மாதிரி. இது என்ன, நான் எதை மாற்றினாலும் நொடி பிசகாமல் அதே நேரம்?

எந்த ப்ரோகிராம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பட்டியல் ஒன்று இருக்கிறதாம். அந்தப் பெண்ணின் இன்னொரு வீடியோவில் பார்த்துத் திறந்தேன். நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது நம் ப்ரோகிராமுக்கு நேரே: பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

அது உழைக்கவே இல்லை. எதற்கோ காத்திருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

இன்று ஒரு வார்த்தை!

ப்ரோகிராமுக்குள் அவர் போட்ட பேர்களை எல்லாம் வைத்திருக்கும் கோப்பு ஒன்று உண்டு. அதை முதலில் பென் டிரைவில் நகல் எடுத்தேன், பிறகு சுருக்கச் சொன்னேன். சுருக்கியது. 24:19. ஒரு நொடிக்கு நன்றி.

அதன் கீழேயே இன்னொரு பட்டன், பழையதை அழித்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவதற்கு. சரி, அதையும் பார்ப்போம் என்று அம்பைக் கொண்டுபோனேன். என் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. அவர்தான். முகம் சிவந்து, வாய் ஒரு பக்கம் இழுத்து, அடித்தொண்டையிலிருந்து:

‘வே... வேண்டாம்!’

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது முதலில். மூன்று மாதமாக மகள் படத்தைக் காட்டுகிறேன், பேத்தி படத்தைக் காட்டுகிறேன், ஒரு சத்தம் இல்லை. கம்ப்யூட்டருக்கு ஆபத்து என்றதும் பேச்சு வருகிறது! ‘அப்ப எது வேணும், சொல்லுங்க!’ என்று நானும் கத்தினேன். டிவியைக் காட்டினார்.

அப்புறம்தான் உறைத்தது. படத்தைக் காட்டும்போது தூங்கி விழுகிற மனிதர், நான் கோளாறு தேடும்போது தூங்குவதே இல்லை. இன்று பத்தரை வரை முழித்திருந்தார்.

வார்த்தை: வேண்டாம். (1)

ஜனவரி 21, செவ்வாய்

சரிதாவுக்குப் போன் செய்து சொன்னேன். ‘கோபத்துல வர்றது தானா வர்ற பேச்சு ஆன்ட்டி, அது வேற கணக்கு. இருந்தாலும் நல்லதுதான்’ என்றாள். பொறுமையாக விளக்கினாள். எனக்கு அந்த ‘இருந்தாலும்’ பிடிக்கவில்லை. நோட்டில் எழுதிய வார்த்தை வார்த்தைதான்.

ஜனவரி 23, வியாழன்

நேற்று முழுக்கக் காற்று. விடியும்போது வளைவில் இருந்த சவுக்கு மரம் சாய்ந்து நெட் கேபிளை அறுத்துவிட்டது. கரண்ட் இருந்தது, நெட் இல்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பது கண்ணை உறுத்த, பிளக்கைப் பிடுங்கினேன். பழக்கத்தில் ப்ரோகிராமைத் திறந்து, ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன்.

அவர் மேஜையைத் தட்டினார். திரும்பிப் பார்த்தால் படங்கள்! மொத்தமாக! வாட்சில் நாற்பது நொடி.

மூடித் திறந்தேன். நாற்பது நொடி. மோடத்தைச் சொருகினேன், திறந்தேன். வட்டம் சுற்றியது, 24:20. பிடுங்கினேன். நாற்பது.

மூன்று தடவை. இனி யாரும் தற்செயல் என்று சொல்ல முடியாது.

மெஷினுக்குத் தொண்ணூறு வயசாம்! வா பெனிஸ், வந்து பாரு.

ஜனவரி 24, வெள்ளி

மோடத்தைப் பிடுங்கி வைத்தே பயிற்சி செய்துகொள்ளலாம். அது போதும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஓரமாக உள்ள பட்டியலில் நிறைய போல்டர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. சொடுக்கினால் சாம்பல் கட்டங்கள், ‘படத்தைக் காணவில்லை’. எண்ணினேன். எழுபத்தொன்று.

மோடம் இருந்தால் காத்திருக்கிறது. இல்லாவிட்டால் காத்திருக்காமல், காணோம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறது. அப்படியானால் அது தேடும் படங்கள் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. மோடம் வழியாக எங்கோ போய்த் தேடுகிறது. ஒரு போல்டருக்கு இருபது நொடி வீதம் காத்திருந்தால்? எழுபத்தொன்று இருபது ஆயிரத்து நானூற்று இருபது நொடி. இருபத்துமூன்று நிமிடம் நாற்பது நொடி. அதோடு வழக்கமான நாற்பது நொடி.

இருபத்திநான்கு இருபது!

நோட்டில் போட்ட கணக்கை அவரிடம் காட்டினேன். படித்தாரா தெரியாது. இடது கையை மெதுவாகத் தூக்கினார். டிவி. ஆனால் இந்தத் தடவை நான் விரலைப் பார்த்தேன். விரல் டிவியைக் காட்டவில்லை. கொஞ்சம் மேலே தூக்கி, அப்படி வளைத்து... டிவிக்குப் பின்னால்.

அய்யோ என் கடவுளே.

டிவி ஸ்டாண்டை இழுத்தேன். பின்னால் சுவரோரம் ஒரு கறுப்புப் பெட்டி, டிபன் பாக்ஸ் உயரம். அதிலிருந்து ஒரு வயர் மோடத்துக்குப் போகிறது. இன்னொரு வயர் பிளக்கிலிருந்து பிடுங்கித் தரையில் கிடக்கிறது. பிடுங்கியது நான். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த அன்று அந்தப் பெட்டி கொர்ரென்று இரைந்துகொண்டே இருந்தது. தூங்கட்டும் மனுசன் என்று பிடுங்கினேன். என்ன பெட்டி என்று அவரிடம் கேட்க வழியில்லை, வேறு யாரையும் கேட்கத் தோன்றவும் இல்லை. அப்புறம் மறந்தே போனேன்.

பதினொரு நாளாக அவர் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் டிவி போட்டுக்கொண்டிருந்தேன்.

‘நாந்தானுங்க’ என்றேன். ‘நான்தான் புடுங்கிப்போட்டேன்.’

தலையை ஆட்டினார். ஆமா, நீதான் என்று.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அழுதிருப்பேன். பெட்டியை எடுத்துத் துணியால் துடைத்து, ஈரம் போக வெயிலில் வைத்தேன். பனிக்காலத்து வெயில், பதினொரு மணிக்குத்தான் வந்தது.

ஜனவரி 25, சனி

சொருகினேன். கொர்ரென்றது. பச்சை விளக்கு. மோடத்தையும் சொருகினேன்.

38 நொடி. கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை, காணாமல் போன படமெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

எழுபத்தொரு போல்டரிலும் என்ன இருக்கிறது என்று இன்றுதான் பார்த்தேன். பூச்சி. எல்லாம் விட்டில் பூச்சி. வாசல் டியூப் லைட்டுக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுமே, அதுகள். பத்து வருடமாக ஷிப்ட் முடிந்து வந்து, வெளியே கேமராவுடன் நின்றுகொண்டிருப்பார். உள்ளே வாங்க, சளி பிடிக்கும் என்று கத்துவேன். இதைத்தான் எடுத்திருக்கிறார்.

ஒவ்வொன்றுக்கும் அவரே பேர் வைத்திருக்கிறார். வெள்ளையாக மடிப்புக் கலையாமல் இருப்பது ‘சூப்பர்வைசர்’. சாம்பலாகச் சோர்ந்திருப்பது ‘மூணாம் ஷிப்ட்’. கொம்பு மாதிரி மீசை வைத்தது ‘யூனியன்காரர்’. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனால் சிரிப்புத்தான்.

ஒரு பூச்சிக்கும் என் பேர் இல்லை. தேடிப் பார்த்தேன். இருக்கட்டும், கேட்டுக்கொள்கிறேன் ஒரு நாள்.

‘இது யாருங்க?’

‘சூ... சூப்ப...’

நான் முடித்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தேன். அவர் உதடு மூன்று தடவை கூடிப் பிரிந்தது. ‘...வைசர்.’

வார்த்தை: சூப்பர்வைசர். (2) இது கோபத்தில் வந்தது இல்லை, சரிதா.

ஜனவரி 28, செவ்வாய்

மூணாம். ஷிப்ட். யூனி (முழுசாக வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்).

மோனிகா படத்தைக் காட்டினால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஏன் என்று நினைத்துப் பார்த்தேன். பெற்ற மகள் பேரைச் சொல்ல முடியாமல் என் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் அவருக்கு? பூச்சியின் பேர் வராவிட்டால் யாருக்கு அவமானம்? இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

சரிதா வந்தாள். செல்லதுரையும் வந்துவிட்டார், வாடகைக் கார் பேசிக்கொண்டு. நான் கூப்பிடவில்லை.

சரிதா தன் அட்டைகளை எடுத்துக் காட்டினாள். நாற்காலி, பசு, குடை. அவர் ஒன்றும் பேசவில்லை. செல்லதுரை என்னைப் பார்த்தார்.

‘அட்டைய உள்ள வைம்மா’ என்றேன். ‘இங்க வந்து உக்காரு.’

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் பூச்சிகளைப் பார்த்து ‘ஆன்ட்டி, இதெல்லாம் அங்கிள் எடுத்ததா?’ என்று மவுசை வாங்கினாள். பார்க்கிற ஆசையில் எதையோ மாற்றிச் சொடுக்க, வரிசை கலைந்து, படமெல்லாம் தேதிப்படி தலைகீழாகிவிட்டது. அவர் முன்னால் சாய்ந்தார்.

‘அது இல்ல.’

சரிதா விரலை நிறுத்தினாள்.

‘ப... பக்கத்துல.’

அவள் பக்கத்துப் பட்டனை அழுத்தினாள். வரிசை சரியானது. அவர் நிம்மதியாகப் பின்னால் சாய்ந்துகொண்டார், ஏதோ தினமும் பேசுகிறவர் மாதிரி.

சரிதா என் நோட்டை வாங்கி முதலிலிருந்து படித்தாள். நேரக் கணக்கையும் படித்தாள். ‘வாரம் ரெண்டு நாள் வர்றேன் ஆன்ட்டி. அட்டை கொண்டு வரமாட்டேன்’ என்றாள்.

செல்லதுரை வாசலில் நின்று, ‘அப்ப அண்ணனக் கூட்டிட்டுப் போற பேச்சு...’ என்று இழுத்தார்.

‘அவரையே கேளுங்க தம்பி.’

கேட்டார். பாவம், உண்மையாகவே குனிந்து, கையைப் பிடித்துக் கேட்டார். ‘நம்மூருக்குப் போலாமாண்ணா?’

‘வேண்டாம்’ என்றார் இவர். தெளிவாக.

செல்லதுரை அப்படியே உட்கார்ந்து அழுதார். காரை அனுப்பிவிட்டு, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

பெனிஸ் வழியில் பார்த்து ‘புது சிஸ்டம் போட்டீங்களாக்கா?’ என்றான். முழுக்கதையையும் சொன்னேன், கணக்கோடு. தலையைச் சொறிந்தான். ‘நெட்வொர்க்ல பாக்கணும்னு தோணல அக்கா’ என்றான். வீட்டுக்கு வா, காபி தர்றேன் என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். போன வாரம் என் செல்லில் எடுத்த பூச்சி ஒன்று, பழுப்பில் மஞ்சள் கோடு. அதை ஏற்றிப் பேர் போட்டுக்கொண்டிருந்தேன். ‘சவுக்கு மரம்’ என்று வைத்தேன், நிறம் அப்படி.

பின்னால் வாக்கர் சத்தம். தானே நடந்து வந்துவிட்டார். தலைகூடத் துவட்டவில்லை. திரையைப் பார்த்தார், பேரைப் படித்தார், முகம் சுளித்தார்.

‘நகரு, புள்ள’ என்றார்.

இரண்டு வார்த்தை, ஒரே மூச்சில். சரிதாவின் எந்தப் பட்டியலிலும் இல்லாத இரண்டு வார்த்தை.

முப்பத்தொரு வருடத்தில் இப்படிச் சொன்னபோதெல்லாம் எழுந்து போயிருக்கிறேன். இன்று எழவில்லை.

‘மாட்டேனுங்க’ என்றேன். ‘ஒரு சேர் இழுத்துப் போடறேன், பக்கத்துல உக்காருங்க.’

கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். ‘சவுக்கு’ சரியில்லை என்கிறார், வேறு ஏதோ சொல்ல வருகிறது, வாய் வரைக்கும் வந்து நிற்கிறது. நான் சவுக்குத்தான் என்கிறேன். பதினொரு மணி வரை சண்டை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய ஸ்வெட்டர் ஒன்றுகூட ஆகவில்லை.